மூன்று பங்கு பழையது

எழுபத்திரண்டாம் வாரத்தோடு
கணக்குப் புத்தகத்தில் கோடு கிழித்துவிடுவார்களாம்.
அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்து
ஐந்தை எடுத்து வந்தான் யூஜின்,
ஒன்று அறுநூறு ரூபாப்படி,
பிஸ்கட் பெட்டிகளில் ஓட்டை போட்டு,
குளியாப்பிட்டியில் இருந்து கிருலப்பனை வரை
பஸ்ஸில், காலடியில் வைத்து.
"கறிக்கு இல்லை, அக்கா" என்று
இரண்டு தரம் சொன்னான்.

பெட்டியைச் சாய்த்தேன்.
ஒருத்தியும் வெளியே வரவில்லை.
தட்டையான தரையில் எப்படி நிற்பதென்று
கம்பிக்குப் பழகிய விரல்கள்
ஒவ்வொன்றாக யோசித்தன.

கங்குன் வைத்தேன்.
சந்தையில் கழித்துப் போட்டதுதான்,
ஆனாலும் கழுவி, குறுணியாக அரிந்து.
பார்த்தார்கள், ஒரு கண்ணால்.
பிறகு மற்றக் கண்ணால்.
சோறு வைத்தேன்: புழுவென்று நினைத்து ஒதுங்கினார்கள்.
புழு வைத்தேன்: எதுவுமே நினைக்கவில்லை.
பப்பாசித் துண்டைக் கண்டு
மொட்டைக்கழுத்துக்காரி
பெட்டிக்குள்ளேயே திரும்பி ஓடினாள்.

தண்ணீரும் தெரியாது.
கிண்ணம் நிறைய இருக்க
குழாயடி ஆணித்தலையைக் கொத்தினார்கள்.
அப்படியொரு உலோக முலையில்தான்
அங்கே சொட்டுச் சொட்டாக வந்ததாம்.
கிண்ணத்து விளிம்பை விரல்நகத்தால் தட்டித் தட்டி
அன்று ஒரு மணித்தியாலம்
நானும் கோழியாக இருந்தேன்.

சொண்டின் நுனியை வெட்டியிருக்கிறார்கள்.
தனி நெல்லை எடுக்க அதால் ஏலாது,
சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகும்,
சுவரில் முட்டியதும் விட்டுவிடும்.

யூஜினிடம் சொல்லி
அதே பண்ணைத் தீனில் ஐந்து கிலோ எடுப்பித்தேன்.
மூன்று பங்கு பழையது. ஒரு சிட்டிகை புதியது.
பால் பிழிந்த தேங்காய்ப்பூ.
முருங்கையிலை, காயவைத்து, கையால் நொறுக்கி.
அவர்களின் முட்டைக் கோதையே சட்டியில் வறுத்து
இடித்து அவர்களுக்கே திருப்பி.
இரவானால் ஒவ்வொருத்தியாக மடியில் எடுத்து
கழுத்தடியில் இரைப்பையைத் தடவிப் பார்ப்பேன்:
கல்லாகிவிட்டதா, இல்லை
பிசைந்த மாவாக இளகிக் கிடக்கிறதா.

மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தயானி
தன் மரத்துப் பட்டர்ப்ரூட் இரண்டு தந்தாள்,
"கோழிகளுக்கு" என்று, அவ்வளவு சந்தோசமாக.
அது அவர்களுக்கு நஞ்சென்று சொல்ல வாய் வரவில்லை.
சீனி போட்டு நானே சாப்பிட்டேன்.
அடுத்த நாள் கேட்டாள், பிடித்ததா என்று.
ஒரு துளி மிச்சமில்லை என்றேன்.

ஒன்பதாம் நாள்
தட்டில் தீன் முழுக்கக் காலி,
முருங்கையிலை மட்டும்
பச்சைக் குவியலாக நடுவில்.
இவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கத் தெரிந்த சொண்டுக்கு
நெல் எடுக்க வராதாம்!
அன்றைக்குக் கொஞ்சம் ஏசினேன்.

பதினோராம் நாள் மழை.
கால்வாய் தேத்தண்ணி நிறத்தில் ஏறி
ஏழு மணிக்கு ஓய்ந்தது.
ஊர்க்கோழியென்றால் எப்போதோ அடைந்திருக்கும்.
இவர்கள் பின்கதவுப் பல்பின் கீழே விழித்திருந்தார்கள்,
முட்டை கூடட்டுமென்று
இரவு ஒன்பது வரை பகலாக்கி வைத்த
அந்தப் பழக்கம்.

அப்போது ஈசல் வந்தது.

ஒன்று, பத்து, பிறகு பல்பே தெரியவில்லை.
சிறகு உதிர்ந்து
தரையெல்லாம் நடக்கிற சோறு.
மொட்டைக்கழுத்துக்காரி ஓரடி வைத்தாள்.
ஒரு கண். மற்றக் கண்.
முதலாவதைத் தவறவிட்டாள்.
இரண்டாவதையும்.
மூன்றாவது உள்ளே போனது.
அவள் தொண்டையில் ஒரு சத்தம்,
பதினொரு நாளில் நான் கேட்டிராதது,
தாழ்வாக, விட்டுவிட்டு,
யாரையோ கூப்பிடுகிற மாதிரி.

நாலு பேரும் வந்தார்கள்.

நான் பல்பை அணைக்கத்தான் எழுந்து வந்தது.
சுவிட்சில் வைத்த விரல் வைத்தபடி நின்றேன்.
குசினியில் பருப்பு அடிப்பிடித்த மணம்
எனக்குப் பிறகுதான் வந்தது.

காலையில் கங்குன் வைத்தேன்.
ஒரு கண். மற்றக் கண்.
ஒருத்தியும் தொடவில்லை.

சரி.
மூன்று பங்கு பழையது.
இன்றைக்கு இரண்டு சிட்டிகை.