கோட்டுக்குக் கீழே

கான்பெராவில் ஜூன் மாதக் காலை.
ஏரிப் பனி நீதிமன்றத்தின் கண்ணாடிச் சுவரைத்
துடைத்துத் துடைத்து அழுக்காக்கிக்கொண்டிருந்தது.

விடுதியில் தந்த காபிக் கோப்பையில்
நாட்டின் படம் இருந்தது.
எங்கள் தாஸ்மேனியா இல்லை.
ஹெஸ்டர் பிங்ஹம் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"பிடிக்குப் பின்னால் இருக்குமோ" என்றார்.
நான் கோப்பு வண்டியைத் தள்ளினேன்.

வெட்டிய மரத்துக்கு
டன்னுக்கு இரண்டு டாலர் கேட்டது விக்டோரியா.
அது கலால், எங்களுக்கே உரியது என்றது மத்திய அரசு.
வெறும் சாலைக் கட்டணம் என்றது விக்டோரியா.
கலால் என்ற அந்த ஒரு சொல்லை
நூறு ஆண்டுகளாக உரிக்கிறார்கள்.
கண் எரிகிறது, வெங்காயம் தீரவில்லை.

நியூ சவுத் வேல்ஸ் இரண்டு மணி நேரம் பேசியது.
குயின்ஸ்லாந்து அதையே ஒப்புக்கொண்டு
இன்னொரு மணி நேரம் பேசியது.
தெற்கு ஆஸ்திரேலியா ஒரு காற்புள்ளியைப் பற்றி.
மேற்கு, வழக்கம்போல், கோபமாக.
ஏழாவதாக நாங்கள்.
மறுநாள் மாலை நான்கு ஆறு.
ஒன்பது நிமிடம்.

"புதிதாகச் சொல்ல ஏதும் உண்டா?"
"ஒரு பாலம் உண்டு" என்றார் ஹெஸ்டர்.
"ஒரே நாடு, ஒரே சந்தை என்கிறார் நண்பர்.
மரம் சந்தைக்குப் போகும்.
பாலம் போகாது.
லாரி போன பின்னும்
அது எங்கள் ஓடையின்மேலேயே நிற்கும், விரிசலோடு."

ஓரத்து நீதிபதி பேனாவை வைத்தார்.
"மத்திய அரசிடம் கேட்டிருக்கலாமே?"
"நான்கு முறை கேட்டோம்.
கேட்டு வாங்க ஒரு அரசு எதற்கு?
ஒரு கை போதும்."

யாரோ இருமினார்கள்.
தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

மார்ச்சில் வந்தது, நூற்றெண்பது பக்கம்.
மூன்றுக்கு நான்கு. விக்டோரியா தோற்றது.
அதைப் பார்த்துப் போடலாம் என்று
மேசைக்குள் நாங்கள் வைத்திருந்த வரைவும் தோற்றது.
எங்கள் வாதத்தைத் தேடினேன்.
பக்கம் தொண்ணூற்றொன்று,
கோட்டுக்குக் கீழே, பொடி எழுத்தில்:
'பாலம் குறித்த வாதமும் கவனிக்கப்பட்டது.'

ஹெஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
தாளை முகத்தருகே கொண்டுபோனார்.
"இருக்கிறோமே" என்றார்.

அந்த வாரமே பாலத்து முனையில்
ஒரு பலகை நட்டார்கள்:
எட்டு டன்னுக்கு மேல் ஏறக்கூடாது.