உலர்துறை

துவாஸில் தண்ணீரை வடித்துவிட்டு
கப்பலைக் கட்டைகளின்மேல் உட்கார வைத்திருக்கிறார்கள்.
ஏழு மாடி வெள்ளை.
அடிவயிறு தெரிய அது நிற்பதைப் பார்க்க
எனக்கே கூச்சமாக இருக்கிறது.

மூன்று வாரமாக உள்ளே கழிப்பறை கிடையாது.
நடுராத்திரியிலும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு
அறுபத்திரண்டு படி இறங்க வேண்டும்.
எண்ணிச் சொன்னவள் மர்யோலைன்.
போன பருவம் தமத்தாவில் தைத்த உதடுகள்
இருநூற்றுப் பதினொன்று என்பதும்
அவள் கணக்குத்தான்.

என் வேலை கருவி கழுவுவது.
கத்தரி, இடுக்கி, தோலை விலக்கிப் பிடிக்கும் சின்னக் கொக்கி.
வேகவைத்து, நீலத்துணியில் பொதிந்து, தேதி எழுதி அடுக்குவேன்.
முகங்கள் என்னிடம் வருவதில்லை.
ஒரே ஒரு தடவை
கழுத்துக் கட்டி போன ஒருத்தி
இறங்குபாலத்தில் நின்று
சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுப் பார்த்தாள்.
பூட்டியது.
அவிழ்த்தாள். மறுபடி பூட்டினாள்.
பின்னால் வரிசை காத்திருந்தது.

தொண்டூழியர் என்பார்கள் எங்கள் ஊர்ச் செய்தியில்.
ஊழியத்துக்கும் ஊதியத்துக்கும் ஓர் எழுத்துதான்டி வித்தியாசம்,
அதைப் போய் விட்டுட்டியே என்கிறாள் அக்கா,
உட்லண்ட்ஸிலிருந்து, போனில்.
ஒரு மணி நேரம்தானே, வீட்டில் வந்து படு என்கிறாள்.
போகவில்லை.
கட்டில்களைக் கயிற்றால் கட்டி
அறுவை அறையில் பெயிண்ட் டப்பா அடுக்கியிருக்கும்போது
யாராவது இருக்க வேண்டும்போல் தோன்றியது.

கப்பலுக்கு அடியில்
சவரிமுத்து சுரண்டிக்கொண்டிருந்தான்.
தங்கச்சிமடம்.
"இதுக்குப் பேரு கொட்டலசு" என்றான்,
நான் சிப்பி என்று சொன்னதைத் திருத்தி.
"சம்பளம் எவ்வளவுக்கா?"
"சம்பளம் இல்ல. கட்டிலுக்கும் சோத்துக்கும்
மாசாமாசம் நான்தான் கட்டுறேன்."
சுரண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.
"நானும் கட்டித்தான் வந்தேன். ஏஜெண்டுக்கு அஞ்சரை லட்சம்.
இன்னும் நாலு மாசம் பாத்தா
மொத வெள்ளி என் கைக்கு வரும்.
அப்ப ரெண்டு பேரும் ஒரே கம்பெனிதான்."

ஆமாம் என்று சொல்லக் கூசியது.
நினைத்தால் நாளைக்கே நிறுத்திவிடலாம் நான்.

அவன் வலது கண்ணில் சதை வளர்ந்து
கருவிழியின் ஓரத்தைத் தொட்டிருந்தது.
தமத்தாவில் அது இருபது நிமிட வேலை.
தட்டு எண் பதினான்கு.
"இந்தக் கப்பல்லயே வெட்டிருவாங்களாமே?"
"ஆமா."
"இங்கயா?"
இந்த ஊரில் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை,
அதனால் இங்கே கப்பல் கத்தி எடுப்பதில்லை
என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
அவனுக்குப் புரிந்துவிட்டது.
எனக்குத்தான் சொன்ன பிறகும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூன் லேயில் ஒரு கிளினிக்.
வெயிலும் தூசியும் என்றார் டாக்டர்.
இப்போதைக்கு வெட்ட வேண்டாம், கறுப்புக் கண்ணாடி போடட்டும்.
வெயிலும் தூசியும்தான் அவன் வேலை
என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.
கண்ணாடிக் கடையில்
விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
நான் கட்டுகிறேன் என்றேன்.
"எல்லாத்துக்கும் நீங்களே கட்டுறீங்க" என்றான்.
அதில் சிரிப்பு இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியாமல்
கண்ணாடியைப் போட்டுவிட்டான்.

புதன்கிழமை தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்.
கட்டையை விட்டுக் கப்பல் எழுந்தது
கோப்பையில் கோப்பி-ஓ அசையவில்லை.
சுரண்டிய அடிவயிறு முழுக்க மறைந்தது,
யார் சுரண்டினார்கள் என்பதும்.
கரையில் மஞ்சள் தலைக்கவசங்கள்.
ஒருவன் கையசைத்தான்.
பதிலுக்கு அசைத்துவிட்டுத்தான் கவனித்தேன்,
கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள்
நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள்.

அப்போது ஒலிபெருக்கி சொன்னது:
கழிப்பறைகளில் தண்ணீர் வந்துவிட்டது.
எல்லோரும் கைதட்டினார்கள்.
நானும்தான்.