ஐந்தில் எத்தனை

முதல் வினாத்தாளைக்
கொள்ளிடக் கரையில் வைத்து நிரப்பினேன்.
மணல் வண்டிக் காத்தமுத்து
மாட்டை அவிழ்க்காமலே பதில் சொன்னார்.
பிடிபடுவோம் என்ற பயம், ஐந்தில் எத்தனை?
ஒண்ணு.
ஜெயிலுக்கு?
ரெண்டு போட்டுக்குங்க.
அபராதம்?
அது மாச வாடகைம்மா.
அப்புறம் அவராகவே,
எஞ் சகலை கோர்ட்டு குமாஸ்தா,
அந்தாளு வாசல்ல நின்னு சிரிப்பான் பாருங்க,
அதுக்கு அஞ்சு போடுங்க என்றார்.
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.
முனைவர் பட்டம் அந்த ஓரத்திலிருந்து வந்தது.

தண்டனையின் கடுமை அல்ல,
அதன் நிச்சயம்;
நிச்சயம்கூட அல்ல,
பார்க்கிற முகம்.
இருபத்தாறு வருடம் இதையே
வேறு வேறு அட்டவணைகளில் நிரூபித்தேன்.
மன்னார்குடியில் வகுப்பு,
சனி ஞாயிறு களம்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் செயின் பறித்தவன்,
தாளடி நட்ட ராத்திரிகளில்
மோட்டார் கொட்டகையில் செப்புக்கம்பி உருவியவன்,
முறை தப்பி மதகுப் பலகை தூக்கியவர்கள்
(அவர்கள் யாரும் அதைத் திருட்டு என்று ஒப்புக்கொள்ளவில்லை).

பெயர் வாங்கித் தந்தது மேலக்கரம்பியூர்.
பதினோரு ஆண்டில் ஒரு வழக்கில்லை.
ஸ்டேஷன் ரைட்டர் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார்:
வெள்ளைத் தாள், நடுவில் கரையான் தடம்.
‘காவலர் வேண்டாத ஒழுங்கு’ என்று தலைப்பிட்டேன்.
டெல்லிவரை கூப்பிட்டார்கள்.
சமூகப் பிணைப்பு,
ஐந்துக்கு நாலு புள்ளி ஏழு.

இன்று கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில்
பூக்கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.
கணக்கெடுக்க வந்த டீச்சர்தானே?
அஞ்சுகம். கீழத்தெரு, கடைசி வீடு.
அவர் மகன்
கோயில் நிலக் குத்தகைக்கு ரசீது கேட்டிருக்கிறான்.
அவ்வளவுதான்.
ஏழு மாசம் தீப்பெட்டிகூட விக்கலை.
பேசினா ஐந்நூறு அபராதம்னு கட்டுப்பாடு.
யாராவது கட்டினார்களா என்று கேட்டேன்,
பழக்கதோஷம்.
யாரும் பேசுனாத்தானே.
எங்க வாசலைத் தாண்டித்தான் போனீங்க.
கூட வந்தவரு ஆளில்லைன்னாரு.
உள்ளதான் இருந்தோம்.

இரண்டு முழம் கொடுத்து
நாற்பது ரூபாய் சரியாக வாங்கிக்கொண்டார்.

பரணிலிருந்து பழைய கட்டை இறக்கினேன்.
வீட்டு எண் அறுபத்தொன்று: பூட்டியிருந்தது.
என் கையெழுத்துதான்.
ஓரம் காலி.

வருகிற மாதம் பணி நிறைவு விழா.
மலரில் முதல் கட்டுரை அந்த ஊர்.
நிறுத்தச் சொன்னால்
முதல்வர் சிரிக்க மாட்டார், புருவம் தூக்குவார்,
துறையில் டீ குடிக்கும்போது
பேச்சு சட்டென்று நிற்கும்.
அச்சகத்துக்காரர் எண் இருக்கிறது.
ஒன்பதுக்கு மேல் எடுக்க மாட்டார்.
இப்போது எட்டு இருபது.
மல்லியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வருகிறேன்.