வெறுந்தட்டு

சாந்தா உர்சுலாவில் மழை பெய்து
எத்தனை வருடம் என்று கேட்டேன்.
சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி
"எனக்கு இருபத்தாறு வயசு,
நான் பார்த்ததில்லை" என்றான் காவலாள் பல்தசார் திக்கோனா.

அதனால்தான் இங்கே எதுவும் மக்குவதில்லை.
பள்ளிக் கரும்பலகையில் பாதி அழிந்த ஏழாம் வாய்ப்பாடு,
கட்டிலடியில் ஒற்றைச் செருப்பு,
அரங்கின் மர நாற்காலிகளில்
கடைசி ஆட்டம் பார்த்தவர்களின் பள்ளம்.
வெடியுப்புக் குழிகளை யாரும் மூடவில்லை.
புகைபோக்கியின் நிழல் மட்டும்
சாயங்காலம் கல்லறைவரை போகும்,
அங்கேயே இருட்டிவிடும்.

எனக்கு வேலை கம்பெனிக் கடையில்.
தலைநகரில் தந்த பட்டியலில் பதினேழாவது பொருள்:
வட்டமுகத் தராசு, வார்ப்பிரும்பு, முள் பழுது.

துடைத்தேன், எண்ணெய் விட்டேன்,
மட்டப்பலகை வைத்து மேசையின் சாய்வை எடுத்தேன்.
தட்டில் ஒன்றுமில்லை.
முள் நாற்பது கிராமில் நின்றது.

கண்ணாடியைக் கழற்றினேன்.
முள்ளின் வாலில்
யாரோ பொறுமையாகப் பற்றவைத்த ஈயத்துளி,
துவரம்பருப்பு அளவு.

கூலி என்று இங்கே தந்தது
துளையிட்ட பித்தளை வில்லைகள்.
பக்கத்து ஊரில்கூடச் செல்லாது.
இந்தக் கடை வாங்கிக்கொள்ளும்,
இந்தத் தராசு நிறுத்துத் தரும்.
மனக்கணக்குப் போட்டேன்:
கிலோ கிலோவாக இருபத்தைந்து தடவை மாவு வாங்கினால்
அதில் ஒரு கிலோ காற்று.

காற்றைப் பிசைந்து
எத்தனை ரொட்டி சுட்டிருப்பார்கள்?

"பத்து நிமிட வேலை" என்று
சூட்டுக்கோலை எடுத்தேன்.
முப்பத்தொரு வருடமாய் இதுதான் என் தொழில்,
கோணலைப் பார்த்தால் கை சும்மா இராது.

பல்தசார் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினான்.
"பழுதுன்னு யார் எழுதினது?"
"அலுவலகம்."
"பழுதா? சொன்ன வேலையை
ஒருநாள் தவறாம செஞ்சிருக்கு."

வெளியே தகரக் கூரை ஒருமுறை தட்டி ஓய்ந்தது.
நாலு மணிப் பேருந்தில் ஆட்கள் வருவார்கள்,
தலைக்கு ஐந்து நிமிடம் இந்தக் கடையில்.

சூட்டுக்கோல் ஆறட்டும் என்று கல்மேல் வைத்தேன்.
கண்ணாடியை மாட்டி நான்கு திருகையும் முடுக்கினேன்.
பட்டியலில் 'பழுது' என்பதை அடித்துவிட்டு
'நன்றாக இயங்குகிறது' என்று எழுதினேன்.
கையெழுத்தும் போட்டேன்.

கதவைச் சாத்துமுன்
திரும்பிப் பார்த்தேன், எதற்கென்று தெரியவில்லை.
வெறுந்தட்டு.
நாற்பது.