ஏழாவது குழி

முதல் ஆறு குழியிலும் சிவப்புதான்.
முழங்கால் ஆழத்துக்குச் சிவப்பு, அதன் கீழே
பல் தெரிவதுபோல் வெளுத்த சுண்ணாம்புக்கல்.
பொக்லைன் வாளி அதில் உரசும் சத்தம் எனக்கு மனப்பாடம்.
கூனவாராவில்
சம்பளம் கொடுக்கும் சத்தம் அது.

ஃபெனெல்லா ரடக் ஒவ்வொரு குழியிலும் இறங்கினாள்,
ரப்பர் பூட்ஸ், காதில் பென்சில்.
வரைபடத்தில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு சிவப்புப் புள்ளி.
எல்லைக் குழு வெள்ளிக்கிழமை வருகிறது.
செம்மண் என்றால் புட்டியில் ஊர்ப்பெயர் ஒட்டலாம்.
இல்லையென்றால் அது வெறும் ஒயின்.

இங்கே வெயில் மட்டும் முடிவெடுப்பதில்லை.
மாலை நாலு மணிக்குக் கடல்காற்று வேலி தாண்டும்,
பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரைத் தொட்டுவிட்டு வந்த காற்று.
ஜனவரியில் ஸ்வெட்டர் தேடுவோம்.
கேபர்நே அவசரப்படாது.
ஏப்ரல்வரை
தன்பாட்டுக்குக் கறுத்துக்கொண்டிருக்கும்.

என் மைத்துனன் டெட்லெஃபுக்குப் பரோசா.
அங்கே மார்ச்சுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.
அவன் ஷிராஸைச் சுழற்றினால்
கோப்பைச் சுவரில் தார்போல் இறங்கும்,
விழுங்கினால் மத்தியானத் தகரக் கூரையில் கை வைத்த சூடு.
"உங்களூர் ஒயின் ஏன் எப்பவும்
கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டே நிற்கிறது?" என்பான்.

ஹண்டரில் ஒரு பருவம் குழி தோண்டினேன்.
பறிக்கிற வாரம் பார்த்து மழை வரும் ஊர்.
மழைக்குப் பயந்து புளிப்போடு பறித்த செமியோன்,
தண்ணீர்போல் வெளுப்பு, யாரும் சீந்தமாட்டார்கள்.
பத்து வருஷம் கழித்து அதே புட்டியில்
தேன் தடவிச் சுட்ட ரொட்டி.
பயத்துக்கும் ஒரு ருசி உண்டு போல.

நிலம் ஒன்று, பொழுது ஒன்று.
பீப்பாய்க்காரர்கள் பேசுவதெல்லாம்
அதற்கப்புறம்.

ஏழாவதில் சத்தம் வரவில்லை.
வாளி போய்க்கொண்டே இருந்தது.
வந்தது கருமண். ஈரம். பிசைந்தால்
கைரேகை அதில் தங்கிவிடும்.

அவள் இறங்கவில்லை.
அங்கிருந்து வேலிவரை பதினோரு வரிசை,
பதினொன்றும் விவாகரத்துப் பணத்தில்
அவளே நட்டது.
கருமண்ணில் கொடிக்குத் தாகம் தெரியாது.
இலைமேல் இலையாகத் தழைக்கும்,
பழம் நிழலில் தூங்கும்,
மே பிறந்தாலும் குடைமிளகாய் வாசம் போகாது.
அவளுக்கும் தெரியும். பத்து வருஷமாகக்
குடித்துப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்.

"மூடு, மெர்வின். இரண்டு மீட்டர் தள்ளித் தோண்டு."
தோண்டினேன். கறுப்பு.
இன்னும் இரண்டு. கறுப்பு.
மூன்றாவதில், என் உயரத்துக்கும் கீழே,
அந்தச் சத்தம்.
வாளியில் வெள்ளைக்கல். கல்லில் ஒரு சிப்பி,
கட்டைவிரல் நகமளவு, வாய் மூடியபடி.
எல்லாருக்கும் அடியில் அதே பழைய கடல்,
இவளுக்கு மட்டும் கொஞ்சம் ஆழத்தில்.

சிப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.
குழுவிடம் காட்டுவாள் என்று நினைத்தேன்.
காதிலிருந்து பென்சிலை எடுத்தாள்.
வரைபடத்தைப் பொக்லைன் டயரில் விரித்து
ஆறாவது குழியை ஒட்டி ஒரு கோடு போட்டாள்,
கொஞ்சம் கோணலாக,
டயரின் மேடுபள்ளம் அப்படி.

அந்தப் பதினோரு வரிசை ஒயின்
இருபது லிட்டர் கேனில் எனக்கு வந்தது,
கூலியில் பாதிக்குப் பதிலாக. பெயர் இல்லை.
மூடியில் பென்சிலால் ஏழு.

போன ஞாயிறு ஆட்டுக்கறியோடு திறந்தேன்.
குடைமிளகாய். நனைந்த கயிறு.
நாக்கின் ஓரத்தில் எதையோ சொல்ல வந்து
நிறுத்திக்கொண்ட துவர்ப்பு.
டெட்லெஃப் முகத்தைச் சுளித்தான்,
இதெல்லாம் ஒயினா என்றான்,
கறியை மென்றான், கொஞ்ச நேரம்
ஜன்னல் பக்கம் பார்த்தான்.
காற்று எழுந்திருந்தது.
பிறகு கோப்பையை நீட்டினான்.