ஐந்நூற்றைம்பது

லியபாயா நகராட்சியின் மின்னஞ்சல் சர்வரை
ஒன்பது வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.
என் பெயர் எந்தக் கதவிலும் இல்லை.
ஏதாவது வராமல் போனால் மட்டும்
என்னைத் தேடுவார்கள்.

அந்த விதியை எழுதியது ஒரு பிப்ரவரி இரவில்.
ஒரே வரி:
மாறுகிற ஐ.பி. எண்ணிலிருந்து வரும் எதையும் ஏற்காதே.
அன்று மட்டும் நாற்பத்தோராயிரம் கடிதங்கள்.
மாத்திரைகள், போலிக் கைக்கடிகாரங்கள்,
செத்துப்போன தளபதியின் சொத்தில் பங்கு.
அனுப்பியவர்கள் எவரும் அனுப்பியிருக்கவில்லை.
யார் வீட்டுக் கம்ப்யூட்டரோ,
பிள்ளைகள் ஆடிவிட்டு அணைக்க மறந்தது,
தனக்கே தெரியாமல்
விடியவிடியப் பொய் பேசிக்கொண்டிருந்தது.

வரியை எழுதிய பத்தாவது நிமிடம்
சர்வரின் இரைச்சல் தணிந்தது.
பால்டிக் கடல் கேட்டது.
அந்த அறையில் கடல் கேட்கும் என்றே
அதுவரை எனக்குத் தெரியாது.

மூன்று வருடம் கழித்து வெல்கா ஸ்குயா வந்தாள்.
நவம்பர் பனிமழையில் ஊறிய கோட்டு.
பிளாஸ்டிக் உறைக்குள் நனையாத ஒரு தாள்:
என் இயந்திரம் அவளுக்குப் போட்ட பதில்.
*550. உங்கள் முகவரி நம்பத்தக்கதல்ல.*
"இதை எழுதினது யார்?"
கவுண்டர் பெண் மாடியைக் காட்டினாள்.

டிராம் திரும்பும் வளையம்
தன் படுக்கையறைக்கு ஏழு மீட்டரில் வரக்கூடாது என்று
ஆட்சேபம் அனுப்பியிருந்தாள்.
கடைசி நாள் வெள்ளி.
அவள் பதிலைப் பார்த்தது ஞாயிறு இரவு.
கையில் கொண்டுவந்த பிரதியின் மேல்
கீழே அப்போதுதான் முத்திரை குத்தியிருந்தார்கள்:
காலங்கடந்தது.

சொந்த சர்வராம். ஃப்ரிட்ஜுக்கு மேல்,
மூடி உடைந்த லேப்டாப்பில் ஓடுகிறதாம்.
"என் கடிதத்தை நானே அனுப்பக்கூடாதா?
எவனோ பெரிய கம்பெனிக்காரன் கையில் கொடுத்து
அவன் மோந்து பார்த்த பிறகுதான் போகணுமா?"

நியாயங்களைச் சொன்னேன்.
அவை வாடகை எண்கள்,
இன்றைக்கு உங்களுடையது, நாளைக்கு வேறெவருடையதோ.
மாதம் ஆறு யூரோ கட்டினால்
நிலையான எண் கிடைக்கும்.

"அப்போ வாடகைக்கு இருக்கிறவள் பேச்சு
அம்பலம் ஏறாது.
அதைத்தானே சொல்கிறாய்?"

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து
வீட்டைக் கொளுத்தினவனைச் சொல்லிச் சிரிப்போம்.
அவனாவது தன் வீட்டைக் கொளுத்தினான்.

அதற்காக விதியை எடுத்துவிட முடியுமா?
அந்த நாற்பத்தோராயிரத்துக்கு அடியில்
எத்தனை ஆட்சேபங்கள் மூச்சு முட்டிக் கிடந்தனவோ,
யார் கண்டது.
குப்பையில் தொலைந்ததற்கும்
வாசலில் திருப்பியதற்கும் ஒன்றுதான் வித்தியாசம்:
திருப்பப்பட்டவள் வந்து கேட்பாள்.

அன்று மாலை, யாரிடமும் கேட்காமல்,
அவளுடைய எண்ணுக்கு மட்டும் ஒரு விலக்கு எழுதினேன்.
எட்டரைக்கு ஒரு கடிதம் வந்தது.
உள்ளே ஒன்றுமில்லை, தலைப்பு மட்டும்: கேட்கிறதா?
கேட்கிறது, என்று எழுதினேன்.
அப்படியொரு சந்தோஷம் எனக்கு.

நள்ளிரவில் அவளுடைய இணைப்பு நிறுவனம்
எண்களைக் கலைத்துப் போட்டது.
நான் வாய் வலிக்க அவளுக்கு விளக்கியது;
எனக்கே மறந்துபோயிற்று.
மூன்று மணிக்கு,
அவளுக்காகத் திறந்துவைத்த கதவு வழியே,
வேறெந்த வீட்டிலிருந்தோ
மாத்திரைகள் வரத் தொடங்கின.
ஆறாயிரத்து இருநூறு. ஒன்று மேயருக்கு.
மூன்று பத்துக்கு, தூக்கம் வராமலோ என்னவோ,
புது எண்ணிலிருந்து வெல்கா.
550.

காலையில் விலக்கை அழித்தேன்.
விதி இருக்கிறது. அது சரியா என்று
இன்றைக்குக் கேட்டாலும் விழிப்பேன்.
பதிலை மட்டும் திருத்தினேன்:
*உங்கள் எண்ணை எங்களுக்குத் தெரியாது.
மறுத்தவன் பெயர் ஜின்தர்ஸ்.
இரண்டாம் மாடி, கடல் பக்க அறை.*
கீழே என் தொலைபேசி எண். அது மாறாது.

இதுவரை நான்கு பேர் கூப்பிட்டார்கள்.
மூன்று பேர் திட்டினார்கள்.
நான்காமவன் மாத்திரை விற்றான்.

டிராம் இப்போது அங்கேதான் திரும்புகிறது.
திரும்பும்போது வேகம் குறையும்,
சக்கரம் கிறீச்சிடும்.
திரை போடாத சமையலறை ஒன்றில்
ஃப்ரிட்ஜுக்கு மேலே
ஒரு பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிகிறது.