சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்து

ரிச்சி தெருக் கடைக்காரன்
பிளாஸ்டிக் மக்கில் முக்கிக் காட்டினான்.
தண்ணீருக்கடியில் பாட்டு
வாய் பொத்தப்பட்டவன் மாதிரி முனகியது,
தூக்கியதும் தெளிந்தது.
இரண்டாயிரம் சொன்னான்.
ஆயிரத்து நானூற்றைம்பதுக்கு முடிந்தது.
பாதி என் காசு, பாதி தேசிங்கின் காசு.
"டீக்கடை பன்னு சைஸ்தான இருக்கு" என்றான் தேசிங்கு,
வண்டியில் வரும்போது மடியிலேயே வைத்துக்கொண்டு.

மடிப்பாக்கம், நங்கநல்லூர், ஆதம்பாக்கம்.
மெட்ரோ தண்ணியும் லாரித் தண்ணியும்
கலந்து நிற்கிற சம்ப்புகள் எங்கள் பிழைப்பு.
மூடியைத் திறந்து அரைமணி ஆறவிடுவோம்.
மெழுகுவர்த்தியைக் கயிற்றில் இறக்குவோம்.
அது அணையாமல் திரும்பினால்
தேசிங்கு இறங்குவான்.
ஸ்பீக்கரை முழங்கால் தண்ணீரில் விட்டுவிடுவான்.
நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டு
அது மூலைக்கு மூலை மிதந்து போகும்,
வாடகைக்கு வீடு பார்க்கிறவர் மாதிரி.

மேலே நான். ஃபோன் என்னிடம்.
முப்பது அடி எட்டும் என்று அட்டையில் போட்டிருந்தது.
கான்கிரீட் அதைப் படிக்கவில்லை.
டீ வாங்க கேட் வரை போனால்
பாட்டு விக்கும், பிறகு நிற்கும்.
உள்ளேயிருந்து ஒரு கெட்ட வார்த்தை
எதிரொலியோடு மேலே வரும்.
ஆகவே பத்தடிக்குள்ளேயே நிற்கிறேன்,
டீ ஆறிப்போய் வந்து சேர்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும்.
பாட்டுக்கு மூச்சு முட்டாது.
உள்ளே ஆள் சுருண்டு கிடந்தாலும்
அது பாட்டுக்குப் பாடும்.
அதனால் அடிக்கொருதரம்
சத்தத்தை இரண்டு புள்ளி குறைப்பேன்.
அடியில் தேசிங்கின் முனகல் கேட்கும்,
சுருதியில்லாமல், பாடுகிறவரைவிட ஒரு வரி முந்தி.
பிரஷ் தேய்க்கிற சத்தம் கேட்கும்.
சரி.
இரண்டு புள்ளி ஏற்றிவிடுவேன்.
ஸ்பீக்கர் மக்கர் பண்ணுது,
ரிச்சி தெருவில் ஏமாத்திட்டான் என்பான்.
ஆமாம் என்பேன்.

போன செவ்வாய், ராம் நகர்.
என் இரண்டு கையிலும் ஹோஸ் பைப்.
பாட்டு நின்று மணி அடித்தது,
சம்ப்புக்குள்.
அடுத்த பாட்டுக்கு மாற்றுவதாக நினைத்து
கட்டைவிரலால் அமுக்கிவிட்டான் அவன்.

ஃபைனான்ஸ் ஆள்.
பன்னிரண்டாயிரம் லிட்டர் கொள்ளுகிற குழியில்
அவன் குரல் நாலு சுவரிலும் மோதி
நாலு ஆளாகிவிட்டது.
மூணு மாச டியூ.
சம்சாரம் வேலை பார்க்கிற ஸ்கூல் எங்களுக்குத் தெரியும்.
மிஸ்டர் சற்குணம், லைன்ல இருக்கீங்களா?

தேசிங்கிடம் சொல்லாத கடன் அது.
ஹோஸைப் போட்டேன்,
அது துள்ளி என் சட்டையை நனைத்தது.
ஈர விரலுக்கு ஃபோன் திறக்கவில்லை.
தண்ணீருக்குப் பயப்படாதது
எங்களிடம் ஒன்றுதான் இருந்தது,
அது கீழே இருந்தது.

நெற்றி விளக்கு மட்டும் அசைந்தது.
"இருக்கேன் சார்.
வெள்ளிக்கிழமை கட்டிடறேன்" என்றது
என் பெயரில் ஒரு குரல்.

லைன் கட்டானது.
பாட்டு தானாகத் திரும்பியிருக்க வேண்டும்,
திரும்பவில்லை.
குறைப்பதற்குச் சத்தமே இல்லை.
முனகல் இல்லை. பிரஷ் இல்லை.
நீலப் புள்ளி மட்டும் மெல்லச் சுற்றியது.
மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டு
"டேய்" என்றேன்.

"வாளிய எறக்கு."

வாளி மேலே வந்தது.
சேறு, ஒரு பல் தேய்க்கிற பிரஷ்,
சேற்றின் மேல் ஸ்பீக்கர்.
உதறினேன்.
சல்லடைத் துணியிலிருந்து தண்ணீர் தெறித்தது.
வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள்.
எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை.

ஸ்பீக்கரை விளிம்பில், மூடிக்குப் பக்கத்தில் வைத்து
விட்ட இடத்திலிருந்து பாட்டைப் போட்டேன்.
இரண்டு புள்ளி குறைத்தேன்.
கீழே அவன்
ஒரு வரி முந்திப் போயிருந்தான்.